முன்வரிசையில் நம் பிள்ளைகள்

(கே.ஏ. குணசேகரன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1955இல் மாரந்தையில் பிறந்து, 2016 ஜனவரி 17 அன்று நம்மை விட்டுப் போன கே.ஏ. குணசேகரனை நினைவுகூரக் கூடியிருக்கிறோம். அவர் ஆய்வாளர், பேராசிரியர், 'வடு' எழுதியவர், 'பலி ஆடுகள்' நாடகத்தால் தமிழில் தலித் அரங்குக்கு வழி திறந்தவர். ஆனாலும் நம்மில் பெரும்பாலோர்க்கு அவர் முதலில் ஒரு குரல். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்த குரல். புத்தகம் போய்ச் சேராத இடத்துக்குப் பாட்டு போய்ச் சேரும் என்பதை அவர் வாழ்க்கையே நிரூபித்தது. அந்த இடத்திலிருந்து என் பேச்சைத் தொடங்குகிறேன்.

பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்ன விஷயம்போலத் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு, அவர்கள் பள்ளிக்கூடத்திலேயே, பகல் நேரத்தில், தேர்ந்த கலைஞர்களைக் கொண்டு முழு இசை நாடகம் நடத்திக் காட்ட வேண்டும். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து இதைத் தொடங்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

மேல்நாட்டில் ஓபரா என்கிறார்கள். கதை முழுவதையும் பாட்டாகவே நடத்துவது, பக்கத்திலேயே வாத்தியம், பாடுகிறவரே நடிகர். நமக்கு இது புதிதல்ல. வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா என்று பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் நம் ஊர்ப் பொங்கல்களில் நடப்பது இதுதான். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ். ஆனால் அது இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். பிள்ளை தாய் மடியில் தூங்கிவிடும். தூங்காத பிள்ளைக்கும் பபூன் பேச்சில் பாதி அதன் வயதுக்கு ஆகாது. இதற்கெல்லாம் மேலே, நாடகம் நடப்பது கோயில் திடலில். யார் எங்கே உட்காருவது, யார் எட்ட நின்று பார்ப்பது என்பதை அங்கே சாதிதான் தீர்மானித்து வைத்திருந்தது. நம் பிள்ளைகளின் தாத்தா பாட்டிமார் நாடகத்தைப் பின்னாலிருந்து பார்த்தவர்கள்.

உழைக்க வந்த பிள்ளைகள்

நம் வட்டாரத்தின் வரலாற்றை ஒருமுறை பாருங்கள். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். முழுக்க முழுக்கச் சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி அது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பாடம் கேட்டவர்கள். எம்.ஜி.ஆரும் பசிக்காகச் சிறுவயதில் ஒரு பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர்தான். பல பிள்ளைகளுக்கு அது கலைக்கூடம், அதைவிட முதலில் அது சோறு. வீட்டை விட்டு, பள்ளியை விட்டு, அடியும் மனப்பாடமுமாக வளர்ந்தார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில், கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். கரிசல் காட்டில் மழை பொய்த்தபோதெல்லாம் அந்தத் தொழில் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது உண்மை. அந்தக் கஞ்சிக்கு விலையாகப் பிள்ளைகளின் விரல்களைக் கேட்டதும் உண்மை. கட்டை அடுக்க, பெட்டி ஒட்டச் சின்ன விரல்கள்தான் தோது என்றார்கள். விடியுமுன் வேன் வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். நம் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 'சங்கதி'யில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் மைக்கண்ணி என்ற சிறுமியை எழுதிவைத்திருக்கிறார். சிவகாசித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதன் பிறகு இயக்கங்களும் ஆசிரியர்களும் தாய்மார்களும் சேர்ந்து பெருமளவு பிள்ளைகளைப் பள்ளிக்கு மீட்டார்கள். அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பிள்ளை மேடையில் உழைத்தது, ஆபீசில் உழைத்தது. வேலை செய்யாமல், பயப்படாமல், தனக்காகவே நடக்கிற ஒரு கலையின் முன்னால் அது உட்கார்ந்ததே இல்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம்கூட, பொழுதுபோக்குத் துறையில் பிள்ளை கலைஞராக வேலை செய்ய நிபந்தனையோடு வழி விடுகிறது. மேடைக்கு முன்னால் பிள்ளை உட்காரும் உரிமையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் அந்த உரிமை இருக்கிறது. 31ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் கலையையும் ஒன்றாகவே சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதை நாம் கேட்டு வாங்கவில்லை.

இன்றைக்கு நம் பள்ளிகளுக்கு நாடகமே வருவதில்லையா? வருகிறது, விழிப்புணர்வு நாடகமாக. கை கழுவு, பள்ளிக்கு வா, பட்டாசைப் பார்த்து வெடி. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். தேவையானவைதான். ஆனால் ஒரு பிள்ளையிடம் கலை எப்போது வந்தாலும் புத்தி சொல்லவே வருமென்றால், அந்தப் பிள்ளையை நாம் திருத்த வேண்டிய கேஸாக மட்டுமே பார்க்கிறோம் என்று பொருள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சங்கீதம், நம் பிள்ளைக்கு விழிப்புணர்வு. இந்தப் பங்கீட்டிலும் சாதி இருக்கிறது.

சிவகாசியில் பிறந்த முருகன்

இசை நாடகம் வெளியூர்ச் சரக்கல்ல என்பதற்குச் சிவகாசியே சாட்சி. அந்தக் கலையின் மாபெரும் குரல்களில் ஒருவரான விசுவநாததாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்தவர். மருத்துவர் சமூகத்துப் பிள்ளை, அதாவது ஊர் சவரத் தொழிலாளி என்று ஒதுக்கிவைத்த குடும்பம். வள்ளி திருமணத்தில் முருகன் வேடம் கட்டி, அந்த வேடத்திலேயே மதுரகவி பாஸ்கரதாஸின் கொக்குப் பாட்டைப் பாடி வெள்ளைக்காரனைக் கேலி செய்தார். பலமுறை சிறைக்குப் போனார். வேடத்தோடு கைதானதும் உண்டு.

கூட்டம் அவர் பாட்டுக்குக் கட்டுண்டு கிடந்தது. ஆனால் அவர் சாதியைக் காரணம் காட்டி, அவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று சொன்ன நடிகைகள் இருந்தார்கள். மேடையில் அவர் கடவுள். மேடையைவிட்டு இறங்கினால் தீண்டத்தகாத கை. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. அவர் பிறந்த சிவகாசியின் தொடக்கப் பள்ளிப் பிள்ளையிடம் அந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பட்டாசு லேபிளில் இருக்கும் சினிமா நடிகர் பெயர் தெரியும், இந்தப் பெயர் தெரியாது. அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நாம் யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

எந்தக் கதையைக் கொண்டுபோவது?

இதுதான் நமக்கு முக்கியமான கேள்வி. இருப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் இறக்கிவிட முடியாது.

நந்தனாரை எடுத்துக்கொள்வோம். தமிழில் ஓபராவுக்கு மிக நெருங்கிய படைப்பு என்றால், 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி செய்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனைதான். பெரிய புராணத்தில் இல்லாத பண்ணையார் வேதியரை அவர் உருவாக்கினார். அதனால் ஆண்டை, கூலி என்ற உண்மை பாட்டுக்குள் வந்தது. ஆனாலும் முடிவு மாறவில்லை. நந்தன் தீயில் இறங்கித்தான் தில்லைக்குள் போக முடிகிறது.

2012 செப்டம்பர் 5 அன்று, மற்ற ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியர் தினம் கொண்டாடிக்கொண்டிருந்த நாளில், முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் நாற்பது பேர் செத்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் ஆண்டு தவறாமல் வெடிக்கிறது. மருந்து அறையிலும் மணிக்குக் கணக்கில்லாத வேலையிலும் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பங்கு நம் தெருக்களிலிருந்து போனவர்கள். அம்மாவைத் தீயில் பறிகொடுத்த பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில், தீ ஒருவனைத் தூய்மையாக்கியது என்று பாடிக்காட்ட நமக்கு நாக்கு வருமா? நந்தன் கதை அந்த மேடையில் ஏறுவதானால், தீயை மூட்டியது யார் என்று கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த அரசனாக வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த வாசிப்பிலிருந்தும் ஒரு நாடகம் பிறக்கலாம்.

அடுத்து அரிச்சந்திரா. மயான காண்டம் பார்த்து அழாதவர் இல்லை. எதற்காக அழுகிறோம்? ஓர் அரசன் சுடுகாடு காக்கும்படி ஆகிவிட்டதே என்று. சரி, அவனை விலைக்கு வாங்கிய வீரபாகுவுக்கு, தலைமுறை தலைமுறையாகச் சுடுகாடு காத்தவனுக்கு யார் அழுதார்கள்? முழத்துண்டையும் கால் பணத்தையும் வாய்க்கரிசியையும் கூலியாக வாங்கி வாழ்ந்தவரின் பேரன் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து இந்தக் காட்சியைப் பார்த்தால், தன் தாத்தாவின் வாழ்க்கையைத்தான் உலகத்திலேயே பெரிய துயரம் என்று சொல்கிறார்கள் என்பது அவனுக்கு விளங்கும். ஆனால் அந்தத் துயரம் ராஜாவுக்கு வந்தால்தான் கணக்கு என்பதும் சேர்ந்தே விளங்கும்.

இதே நாடகத்துக்குள் இன்னொரு கதை கேட்பாரற்றுக் கிடக்கிறது. லோகிதாசன் கதை. கடனுக்காக அம்மாவோடு விற்கப்பட்ட சிறுவன். எசமான் வீட்டுக்குத் தர்ப்பை அறுக்கக் காட்டுக்கு அனுப்பப்படுகிறான். அங்கே பாம்பு கடித்துச் சாகிறான். செய்தி கேட்டு ஓடப்போகும் தாயை, வீட்டு வேலையை முடித்துவிட்டுப் போ என்று நிறுத்திவைக்கிறார்கள். தோழர்களே, இது கொத்தடிமைப் பிள்ளையின் கதை. வேலை செய்யும் இடத்தில் நடந்த சாவின் கதை. நூறு வருசமாக நம் வட்டாரத்தில் இரவு இரவாகப் பாடிவருகிறோம். கூடப் போன மற்றச் சிறுவர்கள் என்ன செய்தார்கள், அவர்கள் சேர்ந்து நின்றிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று கேட்டு, லோகிதாசனைக் கதாநாயகனாக வைத்து ஒன்றேகால் மணி நேர நாடகம் எழுதுங்கள். மெட்டு நம்மிடம் இருக்கிறது, ஆர்மோனியக்காரர் இருக்கிறார், கதை காத்திருக்கிறது.

இப்படிச் செய்து பார்த்த இடங்கள் உண்டா என்று கேட்பீர்கள். 1949இல் இங்கிலாந்தில் பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளர் பிள்ளைகளுக்காக ஓர் ஓபரா செய்தார். பெயர் 'தி லிட்டில் ஸ்வீப்'. புகைபோக்கிக்குள் ஏறிக் கரி துடைக்க விற்கப்பட்ட சாம் என்ற எட்டு வயதுச் சிறுவனை, அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒளித்துவைத்துத் தப்பிக்க விடுகிறார்கள். பிள்ளைகளே நடிக்கிறார்கள். இதைவிடப் பெரிய விஷயம், பார்க்க வந்தவர்களும் நான்கு பாட்டுகளைக் கற்றுக்கொண்டு சேர்ந்து பாட வேண்டும். அங்கே புகைபோக்கிப் பிள்ளைகளைச் சட்டம் மீட்டது 1875இல். அதற்குப் பிறகும் எழுபத்துநான்கு வருசம் கழித்து, அந்தப் பிள்ளைக்கு ஒரு பாட்டு கொடுக்க வேண்டும் என்று ஒரு கலைஞருக்குத் தோன்றியிருக்கிறது. நம் தீப்பெட்டிப் பிள்ளைகளுக்கு யார் பாட்டு கட்டினோம்?

இங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியின் வேலு சரவணன் கோமாளி வேடத்தோடு பள்ளி பள்ளியாகப் போய்ச் சிறுவர் நாடகம் போட்டுவருகிறார். அவருடைய 'கடல் பூதம்' பார்த்த பிள்ளைகள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில், கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் 2002இல் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார்கள். பத்து வயதில் படிப்பை விட்டுக் கூத்துக்குப் போனவர் ராஜகோபால். அதனால் தன் பள்ளியில் படிப்பையும் கூத்தையும் சேர்த்தே வைத்தார். ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளும் ஆடினார்கள். 2020இல் அது மூடப்பட்டது. தனி மனிதர் தோளில் மட்டும் நின்றால் எவ்வளவு நல்ல முயற்சியும் ஒருநாள் ஓய்ந்துபோகும் என்பதை அதிலிருந்து நாம் படிக்க வேண்டும்.

இரண்டு எதிர்ப்புகள்

முதல் எதிர்ப்பு நம் தெருவிலிருந்தே வரும். "கூத்து, மேளம்னு காலம்பூரா எங்களக் கீழேயே வச்சானுங்க. எம்பிள்ளைக்கு இங்கிலீசும் கம்ப்யூட்டரும் போதும்." இது நியாயமான கோபம். பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததே நம் போராட்ட வரலாற்றின் ஒரு பகுதி. பள்ளி ஆண்டுவிழாவில் மேளம் என்றதும் காலனிப் பிள்ளையைக் கூப்பிடுவதும், பாட்டு என்றதும் வேறு பிள்ளையைக் கூப்பிடுவதும் இன்றும் நடக்கிறது. அதனால்தான் நான் முதலில் பார்வையாளர் உரிமையைக் கேட்கிறேன். நம் பிள்ளை முதலில் உட்காரட்டும், பார்க்கட்டும், சிரிக்கட்டும். ஆடுவதா வேண்டாமா என்று அது பிறகு முடிவு செய்யும். மராட்டியத்தில் 1930களில் பீம்ராவ் கர்டக்கும் தோழர்களும் தமாஷா வடிவத்தை எடுத்து, அதிலிருந்த குனிந்த முதுகை நிமிர்த்தி, அம்பேத்கரிய ஜல்சாவாக மாற்றி ஊர் ஊராகப் போனார்கள். வடிவம் நமக்கு வேண்டும். அதோடு ஒட்டிவந்த அடிமைத்தனத்தைக் கழற்றி வைத்துவிடலாம்.

இரண்டாவது எதிர்ப்பு, எழுத்துக் கூட்டவே திணறுகிற பிள்ளைக்கு நாடகம் எதற்கு என்பது. காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோதும், பள்ளிக்கூடம் படிக்கிற இடமா சாப்பிடுகிற இடமா என்று கேட்டவர்கள் உண்டு. சோறு வந்தது, அதனால் பிள்ளைகளும் வந்தார்கள். 2022 முதல் காலை உணவும் வருகிறது. வயிற்றுக்குக் கொடுத்ததை யாரும் இன்று கேள்வி கேட்பதில்லை. பாடமாக்கிய பாட்டு நாவில் நிற்கும் பிள்ளைக்கு, அந்தப் பாட்டின் வரிகளைப் பலகையில் எழுதிப் போட்டால் எழுத்துக் கூட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1990களில் அறிவொளி இயக்கத்துக் கலைப்பயணங்கள் பெரியவர்களுக்குச் செய்ததும் இதைத்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை மெதுவாகச் சொல்ல முடியாது. தென் மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த மாணவர்களே அரிவாளால் வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கட்டும் வயது பதினாலு, பதினைந்து. அதற்கு ஐந்தாறு வருசம் முன்னால், எல்லாத் தெருப் பிள்ளைகளும் தோளோடு தோள் உரசி ஒரே தரையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சிரித்த, ஒரே பாட்டைச் சேர்ந்து பாடிய ஒரு மதியம் அவர்களுக்கு இருந்ததா? ஒரு நாடகம் அரிவாளை நிறுத்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு மதியம்கூட இல்லாமல் அவர்களை வளர்த்துவிட்டு, பிறகு குழு போட்டு ஆராய்கிறோம் என்றுதான் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்?

ஆடி முடிந்தால் நாடகக் கலைஞர்களுக்கு வேலை குறையும். தீபாவளி முடிந்தால் சில வாரம் வெடி ஆபீஸ்கள் அடைத்துக் கிடக்கும், அப்பா அம்மா வீட்டில் இருப்பார்கள். பள்ளி நடந்துகொண்டிருக்கும். இந்த மூன்றும் சேரும் காலம் கார்த்திகையும் மார்கழியும். மழை விட்ட நாள் பார்த்து நடத்தலாம். கலைஞர், பிள்ளை, பெற்றோர் மூவரையும் ஒரே இடத்தில் சேர்க்க நம் மாவட்டத்துக்கென்றே அமைந்த பருவம் அது.

ஏழெட்டுக் கலைஞர்கள் போதும். மைக் வேண்டாம். நூறு பிள்ளைகளுக்கு ஒரு மனிதக் குரல் தாராளம். அந்தக் குரல் தொண்டையிலிருந்து வருவதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு வாரம் முன்பே மூன்று பாட்டுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். வந்த கலைஞர்கள் சத்துணவை அதே வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சாப்பிட வேண்டும். தலித் பெண் சமைத்த சோறு வேண்டாம் என்று சொன்ன ஊர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. ராஜா வேடம் கட்டியவர் அந்தச் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அதுவும் நாடகத்தில் ஒரு காட்சிதான்.

கலைஞருக்குக் கூலியை முழுதாக, அன்றே, கையில் கொடுக்க வேண்டும். சேவை, தொண்டு என்று சொல்லி வாங்குவது பழைய குடி ஊழியத்தின் புதுப் பெயர். அரசு 2022 முதல் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறது. நல்லது. ஆனால் அது போட்டி. பார்க்கப் பழகாத பிள்ளையைப் போட்டியில் நிறுத்துகிறோம். அந்தத் திருவிழா நிதியில் ஒரு பங்கைக் கலைஞர்களைப் பள்ளிக்கு அழைக்க ஒதுக்குங்கள் என்று கேட்க வேண்டும். நம் அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்திடம் மனுவாகவே கொடுக்கலாம்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நாடகச் சங்கங்களுக்குப் போங்கள். மூத்த ஆர்மோனியக்காரர்களோடு உட்காருங்கள். லோகிதாசனை, வீரபாகுவை, மைக்கண்ணியை, சிவகாசி விசுவநாததாசை எழுதுங்கள். ஆய்வேட்டுக்கு எழுதுவதற்கு முன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுதிப் பாருங்கள். அதுதான் கடினம். பிடிக்கவில்லை என்றால் பிள்ளை மரியாதைக்காக உட்கார்ந்திருக்காது, எழுந்து போய்விடும்.

குணசேகரன் பாடியபோது முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எப்போதும் தெருப் பிள்ளைகள்தான். அவர்களுக்கென்று யாரும் நாற்காலி போட்டதில்லை, அவர்கள் கேட்டதுமில்லை. இந்த வருசம் கார்த்திகைக்குள் ஒரு பள்ளி, ஒரு நாடகம், ஒரு மதியம். எந்தப் பள்ளி என்பதை இந்தக் கூட்டம் கலைவதற்குள் பேசி முடிவு செய்வோம்.